பெயரெச்சம்

அலுவலகத்துக்குள் பாதிப் பெயர் போதும்.
'நோலிக்தவா' என்று தட்டுவாள் விஸ்மா.
கிடங்கு. அவ்வளவே.
எந்தக் கிடங்கு, யாருடையது, எந்த ஊர்,
ஒன்றும் சொல்லமாட்டாள்.
கணினி தானே ஒரு புள்ளி வைத்துக்
கம்பெனியின் பெயரை வாலாக ஒட்டும்:
சுத்ரப்ரேங்கே, புள்ளி, எல்வி.
உருபு மறைந்த தொகையை
வாசிக்கிறவர் விரித்துக்கொள்வதுபோல.
நான்காம் மாடியில் துடைப்பங்களுக்குப் பக்கத்தில்
பெயர் சர்வர் இருந்தது.
ஓட்டல் சர்வரைவிட வேகம்.
கேட்ட மறுநொடி எண்ணைக் கொண்டுவந்து வைக்கும்.
திரையில் மத்திப் பெட்டிகள் வரிசைகட்டும்:
புகையூட்டியது, எண்ணெயில் இட்டது,
திருப்பி அனுப்பப்பட்டது.

நவம்பரில், லியெபாயா துறைமுகத்தில்,
கம்பெனியைப் பூட்டினார்கள்.
இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடாக
மடிக்கணினியை எடுத்துக்கொள் என்றார்கள்.
எடுத்துக்கொண்டாள்.
அதற்குள் அந்த வால் இருந்ததை
யாரும் பட்டியலில் எழுதவில்லை.

இப்போது சமையலறை மேசை.
விரலின் பழக்கம், அதே சொல்.
வால் ஒட்டிய கேள்வி வீட்டு வைஃபையைத் தாண்டி
ரீகாவைத் தாண்டி வேர் வரைக்கும் போய்,
அங்கிருந்து எல்வியிடம் அனுப்பப்பட்டு,
கையை விரித்துக்கொண்டு திரும்பும்:
அப்படி ஒரு பெயர் இல்லை.
உலாவி உதட்டைப் பிதுக்கும்.
பெயர் இல்லையா, வெறும் சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று
தேடுபொறியின் பக்கம் தள்ளிவிடும்.
அவளும் மூடிவிட்டு உருளை உரிப்பாள்.

பிப்ரவரி பதினொன்று. வெளியே மைனஸ் பதினாறு.
அதே சொல்.
பதில் வந்தது.

ஆளில்லாத வீட்டுக் கதவைச் சும்மா தட்ட
உள்ளிருந்து 'யாரது' என்று குரல் வந்ததுபோல
நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.
பெயரைப் புதுப்பிக்க யாரும் பணம் கட்டவில்லை.
எவனோ வாங்கியிருக்கிறான்.
முன்னால் எந்தச் சொல்லை வைத்தாலும்
'நான்தான்' என்கிறவன்.
வெள்ளைப் பக்கம். இரண்டு கட்டங்கள்.
பயனர். கடவுச்சொல்.
உலாவிக்கோ பழைய விசுவாசம்.
அவள் தட்டியது பாதிப் பெயர்,
அது நினைவில் வைத்திருந்ததும் பாதிப் பெயர்தான்.
வால் மாறவில்லை.
வாலுக்குச் சொந்தக்காரன் மாறியது
அதற்கு எப்படித் தெரியும்?
கேட்காமலே நிரப்பிக் கொடுத்தது
எட்டுக் கறுப்புப் புள்ளிகளை.

விஸ்மா மௌஸைத் தொடவில்லை.
ஓல்கெர்ட்ஸை அழைத்தாள்.
கம்பெனியின் வலைப்பின்னல் முழுவதையும்
ஒற்றை ஆளாய்ப் பார்த்தவன்.
இப்போது அயர்லாந்தில் பால் லாரி ஓட்டுகிறான்.
'கடைசியில் ஒரு புள்ளி வை' என்றான்
இண்டிகேட்டர் சத்தத்துக்கு நடுவே.
'எதற்கு?'
'முடிந்தது என்று அர்த்தம்.
அதற்குப் பிறகு எதையும் ஒட்டாது.'

நோலிக்தவா.

வைத்தாள். எச்சம் முற்றாயிற்று.
அப்படி ஒரு பெயர் இல்லை.
இந்தமுறை அந்த வாக்கியம்
அவளுக்கு ஏனோ பிடித்திருந்தது.

அவன் சொல்லச் சொல்ல
அமைப்புகளுக்குள் அமைப்புகளாக இறங்கினாள்.
அடியில் ஒரு சின்னப் பெட்டி,
உள்ளே ஒரே வரி, கம்பெனியின் பெயர்.
நீக்கு.
'உறுதியாகவா?' என்று கேட்டது.
கெட்டில் கூவியது.
போய் அணைத்தாள், தேநீர் ஊற்றினாள்,
சர்க்கரை தேடினாள்,
வந்து 'ஆம்' என்றாள்.

மறுநாள் விரல் மறுபடியும் அதே சொல்.
ஒட்ட ஒன்றும் இல்லை.
ரீகாவில் கிடங்கு வாடகைக்கு.
லிதுவேனியாவிலிருந்து இரும்பு அலமாரிகள்.
மூன்றாவதாக: லியெபாயா, துறைமுகம் அருகே,
ஆயிரத்து இருநூறு சதுர மீட்டர்,
வெப்பமூட்டி வேலை செய்யாது.
படத்தைப் பெரிதாக்கினாள்.
இரண்டாம் மாடி,
இடமிருந்து நான்காவது ஜன்னல்,
அவளுடைய கள்ளிச்செடி
இன்னும் அங்கேயே